தென்கடலும் வடகடலும்: மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா பாதுகாப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம், தூத்துக்குடிக் கடற்கரைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் வெளியூர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். கடற்பசு இருக்கிறதா, தீவுக்குப் போகலாமா, பாசி எடுக்கும் பெண்களை ஏன் தடுக்கிறார்கள், இரண்டு தீவுகள் மூழ்கியது உண்மையா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. சில கேள்விகளுக்கு நான்கு வரி போதும். சிலவற்றுக்கு ஒரு பக்கமும் போதாது.

இது ஒரு கடலா, இரண்டு கடலா?

வரைபடத்தில் இரண்டு. பாம்பன் தீவும் அதன் முனையிலிருந்து இலங்கை நோக்கிச் செல்லும் மணல்திட்டுகளும் நடுவே கிடக்கின்றன. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மண்டபத்தில் கேட்டால் வடகடல், தென்கடல் என்பார்கள். ராமேசுவரத்தில் வடக்கே உள்ளதைப் பெண் கடல் என்றும் தெற்கே உள்ளதை ஆண் கடல் என்றும் சொல்வதுண்டு. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஆண் கடல் சீறிக்கொண்டிருக்க, பெண் கடல் கண்மாய்போல அசையாமல் கிடக்கும். வாடைக்காற்று வந்துவிட்டால் நிலைமை தலைகீழ். அதனால் ஒரே ஊர்க்காரர்கள் பருவத்துக்குத் தக்கபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொழிலுக்குப் போவார்கள். சட்டப் புத்தகத்தில் இரண்டும் தனித்தனி அத்தியாயங்கள். ஆமைக்கும் கடற்பசுவுக்கும் அந்த அத்தியாயப் பிரிப்பு தெரியாது.

தேசியப் பூங்கா, உயிர்க்கோளக் காப்பகம், ராம்சர் தலம் என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். எது சரி?

மூன்றும் சரி. குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழம் குறைந்த கடலும் 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். அதை நடுவில் வைத்து 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பை 1989 இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தார்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது 2022 இல்.

நடைமுறையில் கை வைக்கும் சட்டம் முதலாவதுதான். தேசியப் பூங்கா என்றால் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படியே பொருந்தும். முதுமலைக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது எப்படியோ, அப்படித்தான் தீவில் கால் வைப்பதும். காட்டுக்கு எழுதிய சட்டத்தைக் கடலுக்குப் போர்த்தியதில் சில இடங்கள் இறுக்குகின்றன, சில இடங்கள் தொளதொளக்கின்றன. காட்டில் எல்லைக்கல் நடலாம். இங்கே மிதவை போட்டாலும் அடுத்த புயல்வரைக்கும்தான். உயிர்க்கோளக் காப்பகம் என்பது மனிதர்களையும் சேர்த்துக்கொண்டு நிர்வகிக்கும் கருத்து. அதற்குத் தனித் தண்டனைச் சட்டம் கிடையாது.

21 தீவுகளில் இரண்டு மூழ்கிவிட்டனவாமே? கடல்மட்டம் உயர்ந்ததாலா?

மூழ்கியது உண்மை. தூத்துக்குடிப் பக்கம் விலங்குசல்லி, கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி. கடல்மட்டம் உயர்வதைக் காரணமாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. அது பழியை யார் தலையிலும் இறக்காது. ஆனால் இந்தத் தீவுகளின் காவல் சுவரை மனிதர்களே பெயர்த்து எடுத்தார்கள் என்பதுதான் பெரிய காரணம்.

இத்தீவுகள் பாறை மலைகள் அல்ல. பவளத்திட்டுக்குப் பின்னால் அலை கொண்டுவந்து சேர்த்த மணலும் பவளச் சல்லியும்தான். முன்னால் திட்டு இருக்கும்வரை அலை அதில் மோதி வலுவிழந்து வரும். பல பத்தாண்டுகளாகத் தூத்துக்குடிச் சுற்றுவட்டாரத்தில் பவளக் கற்களை வெட்டிப் படகில் ஏற்றினார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனது, கட்டடத்துக்குப் போனது, கால்சியம் கார்பைடு தயாரிக்கும் தொழிலுக்கும் போனது. கூலி கிடைத்தது, கேட்பார் இல்லை. 2001 இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புப் பெறும் உயிர்களின் பட்டியலில், சேர்க்கப்பட்டன. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, திட்டு இருந்தால் கரைக்கு என்ன லாபம் என்பதைக் கடலோர ஊர்கள் கண்ணால் பார்த்தன. 2005 வாக்கில் கல் எடுப்பது அநேகமாக நின்றது. நிறுத்தியது சட்டமா, சுனாமியா என்று யாராவது பட்டிமன்றம் வைத்தால் நான் சுனாமி அணியில் பேசுவேன்.

வெட்டுவது நின்ற பிறகும் தீவுகள் கரைவது நிற்கவில்லை. தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு 1960களின் கடைசியில் 20 ஹெக்டேர் அளவில் இருந்தது. 2015 இல் எஞ்சியது சுமார் 1.5 ஹெக்டேர்.

கான்கிரீட் போட்டுத் தீவைக் காப்பாற்றினார்கள் என்பது?

வான் தீவில்தான். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம், சென்னை ஐஐடி, தமிழக அரசு ஆகியவை சேர்ந்து செய்த வேலை. அலை வரும் பக்கத்தில் துளைகள் விட்ட கான்கிரீட் அமைப்புகளைக் கடலடியில் பிறை வடிவில் இறக்கினார்கள். 2015 இல் தொடங்கிப் பல கட்டங்களாக 10,000-க்கும் மேற்பட்டவை. அலையின் வேகம் குறைந்தது, மணல் தங்கியது, தீவின் பரப்பு கொஞ்சம் மீண்டது. துளைகளில் மீன்கள் குடியேறின, அருகே பவளத்தையும் கடற்புல்லையும் நட்டார்கள். இதே முறையில் காரைச்சல்லித் தீவையும் மீட்கும் வேலை எடுக்கப்பட்டிருக்கிறது.

நல்ல செய்திதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். கூலிக்கு வெட்டி எடுத்த கல்லுக்குப் பதிலாகக் கோடிக்கணக்கில் செலவழித்துக் கான்கிரீட் இறக்குகிறோம். அதுவும் ஒரு தீவின் ஒரு பக்கத்துக்கு. கான்கிரீட் ஊன்றுகோல். அது வளராது. பவளத்திட்டு தானே வளரும், உடைந்தால் தானே ஒட்டிக்கொள்ளும், வெந்நீரில் வேகாதவரை.

வெந்நீர் என்று சொன்னது பவளம் வெளுப்பதைத்தானே?

ஆம். பவளம் ஒரு சிறு விலங்கு. அதன் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருந்து உணவு சமைத்துத் தருகின்றன. நிறமும் அவை தருவதே. கோடையில் கடல்நீர் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் பல நாள்கள் அப்படியே நின்றால் குடியிருப்பவரும் வீட்டுக்காரரும் பிரிகிறார்கள். பாசி வெளியேற, வெள்ளை எலும்பு தெரிகிறது. உடனே சாவு இல்லை. சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பாசி திரும்பும், இல்லாவிட்டால் பட்டினி. மன்னார் வளைகுடாவில் 2010 இலும் 2016 இலும் பெரிய வெளுப்பு நடந்தது, 2024 கோடையில் மறுபடியும். இங்கே பதிவான 117 வகைக் கடினப் பவளங்களில் மான்கொம்புபோலக் கிளைவிடுபவை முதலில் சாகும், உருண்டைக் கல்போன்றவை தாக்குப்பிடிக்கும்.

இதை ராமநாதபுரத்தில் உட்கார்ந்து தடுக்க முடியாது. வேறு காயங்களைக் குறைத்தால் பவளம் வெப்பத்திலிருந்து தேறி எழும் வாய்ப்பு கூடும்: சாக்கடை, அறுந்து கிடக்கும் வலை, நங்கூரம், கடலடியில் இழுத்துச் சேறு கிளப்பும் வலையான இழுவை மடி. அவை நம் கையில் இருக்கின்றன.

கடற்பசு இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. உள்ளூரில் ஆவுளியா என்பார்கள். இந்தியாவில் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா, குஜராத்தின் கட்ச் வளைகுடா, அந்தமான் ஆகிய இடங்களில் மட்டும் எஞ்சியிருக்கிறது. எல்லாம் சேர்த்துச் சில நூறு என்பதே மதிப்பீடு.

கடற்பசுவைப் புரிந்துகொள்ள அதன் இரைப்பையிலிருந்து தொடங்க வேண்டும். அது தின்பது கடற்புல். மீனவர்கள் தாழை என்று சொல்வது. ஒரு நாளைக்கு 30, 40 கிலோ வேண்டும். கடற்புல் பாசி அல்ல. வேர், தண்டு, பூ, விதை எல்லாம் உள்ள செடி. வெளிச்சம் அடிவரை விழும் ஆழம் குறைந்த நீரில்தான் வளரும். அதே தாழைக்குள்தான் இறால் குஞ்சும் நண்டும் ஒளிந்து வளர்கின்றன. ஆக, கடற்பசு மேயும் இடமும் மீனவரின் நாற்றங்காலும் ஒன்று.

ஏன் பெருகவில்லை? கர்ப்பம் ஓராண்டுக்கும் மேல், ஒரு முறைக்கு ஒரு குட்டி, அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள். எழுபது ஆண்டு வாழக்கூடிய விலங்கு. ஆனால் ஆண்டுக்கு நான்கைந்து பெரியவை அநியாயமாகச் செத்தாலே கூட்டம் சுருங்கிவிடும். ஒரு காலத்தில் இறைச்சிக்காக வேட்டையாடினார்கள், அதை மறைப்பதற்கில்லை. இப்போது பெரும்பாலும் வலையில் சிக்கி மூச்சடைத்துச் சாகிறது. மீன்போல நீருக்குள் மூச்சுவிடாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும்.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடலில், அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாப்பட்டினம்வரை 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. இங்கே கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்று உண்டு. இது தேசியப் பூங்கா அல்ல, பாதுகாப்பகம். உள்ளூர் மக்களோடு கலந்துபேசி அறிவிப்பது, மீன்பிடிப்பை ஒரேயடியாக மூடாதது. 1986 இல் பூங்கா அறிவித்ததில் கற்ற பாடம் 36 ஆண்டுகள் கழித்துப் பயன்பட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

வலையில் கடற்பசு சிக்கினால் மீனவர் என்ன செய்ய வேண்டும்? வழக்கு வருமா?

உயிரோடு விட்டால் வழக்கு வராது. இந்தப் பயம் முன்பு பலரையும் வாயடைக்க வைத்தது: வனத்துறைக்குச் சொன்னால் நம்மையே பிடிப்பார்கள், அதைவிடச் செத்ததைக் கல் கட்டி அமிழ்த்திவிடலாம் என்ற எண்ணம். முதல் அட்டவணை விலங்கைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை என்றிருக்கும்போது அந்தப் பயம் அதிசயமில்லை.

வலையை அறுத்து விடுங்கள். கரைக்கு இழுத்து வர வேண்டாம், கயிறு கட்ட வேண்டாம். மூச்சுத்துளை நீருக்கு மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கைப்பேசியில் படம் எடுத்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள். அறுத்த வலைக்கு ஈடும் விடுவித்தவருக்குப் பாராட்டுப் பரிசும் தரும் வழக்கம் வந்த பிறகு, இப்படி விடுவிக்கும் செய்திகள் தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளிலிருந்து தொடர்ந்து வருகின்றன. இந்திய வனவிலங்கு நிறுவனம் நடத்தும் திட்டத்தில் மீனவத் தன்னார்வலர் வலையமைப்பும் மீனவப் பிள்ளைகளுக்குக் கடற்பசு பெயரிலேயே கல்வி உதவித்தொகையும் இருக்கின்றன. ஒரு நைலான் வலையின் விலை வீட்டின் இரண்டு மாதச் சாப்பாடாக இருக்கும்போது, அதை அறுக்கச் சொல்கிறவர் ஈட்டையும் கையில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

பாசி எடுக்கும் பெண்கள் தீவுக்குப் போவது குற்றமா?

சட்டப்படி, பூங்கா எல்லைக்குள் என்றால், ஆம். ஆனால் பூங்கா வருவதற்கு முன்பே அவர்கள் அங்கே மூழ்கிக்கொண்டிருந்தார்கள்.

பாம்பன் தீவின் சின்னப்பாலம் முதல் திருப்புல்லாணி அருகே பாரதி நகர்வரை பல ஊர்ப் பெண்களுக்கு இதுதான் தொழில். ஆக்சிஜன் உருளை இல்லை. நீச்சல் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, காலில் துடுப்புக்குப் பதில் கட்டிய தட்டு, இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்து மூழ்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறிப்பார்கள். வாசனை மரிக்கொழுந்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. தோற்றத்துக்காக வந்த பெயர். கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று வேறு வகைகளும் உண்டு. மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுக்கிறார்கள். கீழக்கரை வீடுகளில் நோன்புக்குச் செய்யும் கடல்பாசி இனிப்பும், ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டும் அந்த அகரில்தான் உறைகின்றன.

பூங்காக் கட்டுப்பாடு இறுகிய பிறகு இப்பெண்களுக்கு வனத்துறையோடு ஓயாத மோதல். பையைப் பறிப்பது, அபராதம், படகு பிடிபடுவது. பல ஆண்டுகள் பேசிப் பேசி, பெண்கள் தங்களுக்குத் தாங்களே விதி வகுத்தார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும்: அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் ஏப்ரலில் தொடங்கிச் சில வாரங்கள் மூழ்குவதே இல்லை. இரும்புத் தகட்டால் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது. சுரண்டினால் பாசியோடு பவளமும் பெயரும், மறுபடி முளைக்க அடிக்கட்டையும் இருக்காது. இவர்களை அணிதிரட்டிய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015 இல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்தது. தீவுகளைக் காப்பவர்களுக்குத் தரும் பரிசு அது. அந்தத் தீவில் இறங்கத் தடை உள்ள ஒருவருக்குத் தீவைக் காத்ததற்குப் பரிசு! இதைவிடச் சுருக்கமாக இந்த ஊரின் சிக்கலைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

என் கருத்தைக் கேட்டால், எந்தப் பாறையில் பாசி மெலிகிறது, எந்த மாதம் நீர் சுடுகிறது என்பதை ஆண்டு முழுதும் நீருக்கடியில் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் இவர்கள்தான். ஆய்வாளர் ஆண்டுக்குச் சில முறை மூழ்குகிறார். இவர்கள் மாதத்துக்குப் பன்னிரண்டு நாள். இவர்களை அத்துமீறுபவர்கள் பட்டியலில் வைத்திருப்பது அறிவியலுக்கு நட்டம்.

பாசியை வளர்த்துக்கொள்ளலாமே? ஏன் தீவுக்குப் போக வேண்டும்?

வளர்க்கிறார்கள். மூங்கில் தெப்பங்களில் கப்பாஃபைக்கஸ் என்ற பாசி. இந்த மண்ணின் பாசி அல்ல. 1990களில் ஆய்வுக்காக மண்டபத்துக்கு வந்தது. உணவைக் கெட்டியாக்க உணவுத் தொழிலுக்கு வேண்டிய கராஜீனன் அதில் கிடைக்கிறது. மகளிர் குழுக்களுக்கு நல்ல வருமானமும் வந்தது. பிறகு தெப்பத்திலிருந்து அறுந்த துண்டுகள் குருசடைத் தீவுப் பவளங்களின் மேல் பாய்போலப் படர்ந்து மூடியதை ஆய்வாளர்கள் கண்டார்கள். வெளிச்சம் இல்லாத பவளம் சாகும். இன்னொரு பக்கம், 2013க்குப் பிறகு கடல் சூடேறி வளர்த்த பாசியே பெருமளவில் அழுகிப்போனது.

ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவை அமைக்கும் வேலை நடக்கிறது. அந்நியப் பாசியையே நம்பாமல் கஞ்சிப்பாசிபோன்ற உள்ளூர் வகைகளுக்கு அங்கே எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

கடல் அட்டைக்கு ஏன் தடை? அதை இங்கே யாருமே சாப்பிடுவதில்லையே?

சாப்பிடாததால்தான் ஏற்றுமதி. வேகவைத்து, மணலில் புதைத்து, தேய்த்து உலர்த்தி, தென்கிழக்காசியா வழியே சீனச் சமையலறைக்குப் போன பொருள். கடலடி மணலை விழுங்கிச் செரித்துச் சுத்தமாக வெளியே விடும் உயிர். மண்புழு நிலத்துக்குச் செய்வதை அது கடலுக்குச் செய்கிறது. அளவுமீறிப் பிடித்ததால் 2001 இல் எல்லா வகைக்கும் தடை வந்தது. பக்கத்தில் இலங்கையில் உரிமம் பெற்றுப் பிடிக்கலாம், வடமாகாணத்தில் பண்ணைகளும் உண்டு. நடுவே சில மணி நேரப் படகுப் பயணம். ஆகவே கடத்தல்.

தடையை நீக்கச் சொல்லி மீனவர் சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. ஒரேயடியாக நீக்கினால் இரண்டே பருவத்தில் கடல் காலியாகும் என்ற அச்சம் நியாயமானது. அதே சமயம், 1988 லேயே தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கடல் அட்டைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டிவிட்டது. அந்த அறிவு இத்தனை ஆண்டுகளாக மீனவர் கைக்கு வராமல் கிடப்பதும், கடத்தல்காரருக்கு மட்டும் சந்தை திறந்திருப்பதும் பாதுகாப்பு ஆகாது.

ஆண்டுதோறும் 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே, போதாதா?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. முன்பு 45 நாள். குடும்பத்துக்கான நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்தது, 2023 இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் 8,000 ஆக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. தடை மீனுக்கு மூச்சுவிட நேரம் தருகிறது. மீதி பத்து மாதமும் இழுவை மடி தாழையை உழுதுகொண்டு போனால், இரண்டு மாதத்தில் முளைத்தது முதல் வாரத்திலேயே போய்விடும்.

ராமேசுவரம் பக்கம் ஒரு பழைய ஏற்பாடு உண்டு: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. இரு தரப்பும் மோதி, வலை அறுபட்டு, பிறகு உட்கார்ந்து பேசி உண்டானது. கரையோரக் கடலை நாட்டுப்படகுக்கு ஒதுக்கும் 1983 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தைவிட இந்தக் கிழமைக் கணக்கை மீனவர்கள் ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள். காவலுக்கு எதிர்த்தரப்பே இருக்கிறது அல்லவா.

இலங்கையோடு உள்ள பிரச்சினைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறைய. நம் பக்கக் கடலடியை உழுது தீர்த்ததும் மடிகள் எல்லை தாண்டுவதற்கு ஒரு காரணம். போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய யாழ்ப்பாண, மன்னார்த் தமிழ் மீனவர்களின் வலைகள் அங்கே அறுபடுகின்றன. இலங்கை 2017 இல் இழுவை மடியைச் சட்டப்படி தடைசெய்தது. அதே ஆண்டு இங்கே, பாக் விரிகுடா விசைப்படகுகளை ஒப்படைத்து ஆழ்கடல் சூரைத் தூண்டில் படகுக்கு மாறும் திட்டம் வந்தது. அப்போது படகு விலை 80 லட்சம், பெரும்பகுதி மானியம். ஆனால் ஒரு நாளில் போய்த் திரும்பிப் பழகியவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் தொழிலுக்கு எளிதில் மாறவில்லை. சிறைப்பட்ட மீனவர்களின் செய்தி தலைப்பில் வரும். கடலடியில் தாழை இல்லை என்ற செய்தி எந்தத் தலைப்பிலும் வராது.

கடற்கரையில் மனை வாங்கப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்?

கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தை. முதல் அறிவிப்பு 1991, பிறகு 2019 இல் புதிய அறிவிப்பு வந்தது. அலையாத்தி, பவளம், கடற்புல், ஆமை முட்டையிடும் இடம் ஆகியவை மிகக் கடுமையான முதல் வகை. தரகர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

நேரில் பார்க்க முடியுமா?

முடியும். பாம்பன் அருகே குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. காற்று பலமாக இருந்தால் படகு போகாது, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வடகடல் பக்கம் தொண்டிக்கு அருகே காரங்காடு என்ற ஊர் இருக்கிறது. அலையாத்திக் காட்டுக்குள் படகிலும் கயாக்கிலும் ஊர்க்காரர்களே அழைத்துப் போகிறார்கள், வருமானமும் ஊருக்குப் போகிறது. சாப்பாடும் அங்கேயே சொல்லிவைக்கலாம். நண்டு கிடைத்த நாளாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ராமேசுவரம் கடைகளில் யாராவது பவளத் துண்டை நீட்டினால் வாங்காதீர்கள். விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். ஆழம் குறைந்த நீரில் நிற்க இடம் தேடும்போது மணலில் நில்லுங்கள், கல்போலத் தெரிவதன் மேல் ஏறாதீர்கள்.